வேடு கட்டிய குழாய்

முருகன் துணை

திருத்தணி,
அக்டோபர் 4.

மாப்பிள்ளை அவர்களுக்கு, அத்தை அன்னம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாமாவும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் கனிமொழியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், முக்கியமாக ஒருவரோடு ஒருவர் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு, இருக்க வேண்டுமென்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அத்தை நமக்கா கடிதம் எழுதுகிறார் என்று திகைத்திருப்பீர்கள். கனிக்கு வந்ததை மாற்றிப் பிரித்துவிட்டோமோ என்று உறையைத் திருப்பிக்கூடப் பார்த்திருப்பீர்கள். இல்லை, உங்களுக்குத்தான். உங்கள் கனடா விலாசத்தைப் பக்கத்து வீட்டு ஷோபனாவிடம் கொடுத்து இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். மாப்பிள்ளை பெயர் என்ன என்று கேட்டாள். மலைமேல் இருக்கிறவர் பெயர்தான், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற பெயர்தான். அதை உங்கள் பெயராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவரில் இருந்த காலண்டர் படத்தைக் காட்டினேன். தணிகைவேலா என்று சிரித்துக்கொண்டே எழுதினாள்.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் நீங்கள்தான் எடுக்கிறீர்கள். "நல்லாகிறீங்களா அத்தை, இதோ கனி" என்று ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்துவிடுகிறீர்கள். நானும் "ஆங்" என்பதோடு சரி. கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாம் இருவரும் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு போஸ்ட் கார்டு நிரம்பாது. வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் அழித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் கை தயங்காமல் போகிறது.

முதலில் உங்கள் அம்மாவைப் பற்றி. போன வாரம் சென்னை லோக்கலில் ஏறி மணவூரில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். முட்டி வலி குறைந்திருக்கிறது. கீழே உட்கார்ந்து கீரை ஆய்கிறார். நீங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டையை இந்த வெயிலிலும் பீரோவிலிருந்து எடுத்து எடுத்து எல்லோருக்கும் காட்டுகிறார். எனக்கும் காட்டினார். மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்துதான் கேட்டார்: "கனி மட்டும் தனியா வருதாமே சம்பந்தி. எம்புள்ள ஒண்ணும் சொல்ல மாட்டேன்றான். இன்னா விஷயம்?" காபி ஆறிவிட்டது என்று பேச்சை மாற்றினேன்.

கனி டிசம்பரில் புறப்பட்டு வருவதாகவும் குளிர் முடிகிற வரைக்கும் இங்கேயே இருக்கப்போவதாகவும் என்னிடம் சொல்லிவிட்டாள். காரணத்தையும் சொன்னாள். "அந்த ஆள நம்பி இன்னொரு குளிர்காலம் அந்த வூட்ல இருக்க முடியாதும்மா" என்றாள். நீங்கள் செப்டம்பர் மாதமே ஆளை வரவழைத்து, கீழே இருக்கும், வீட்டைச் சூடாக்கும் அந்த மெஷினைப் பிரித்துத் துடைத்து வைத்ததையும் அவளே சொன்னாள். ஆனால் இப்போது செய்து என்ன பயன் என்று கேட்கிறாள். அவள் அதை ஃபர்னஸ் என்பாள். எனக்கு அது அடுப்புதான், அப்படியே எழுதுகிறேன்.

பெற்ற பெண் நாலு மாதம் வந்து இருக்கப்போகிறாள் என்றதும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது உண்மை. மறைக்கவில்லை. அவள் படுக்கப் புதிதாக ஒரு தலையணைகூடத் தைத்துவிட்டேன். முந்தாநாளிலிருந்து அந்தத் தலையணையைப் பார்த்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். போன பொங்கலன்று உங்கள் வீட்டு அடுப்பு நின்றுபோனதற்குக் காரணம் நான். நீங்கள் இல்லை.

எப்படி என்று முழுக்கச் சொல்கிறேன். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எனக்கும் இப்போது தெரியும். இருந்தாலும் என் வாயால், இல்லை, என் கையால் வர வேண்டும்.

கனி பஸ் நிறுத்தத்தில் பனியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டாள் என்று கேட்டதும் டிசம்பரில் ஓடி வந்தேனே, வந்த நாள் முதலாகவே உங்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஞாயிற்றுக்கிழமையானால் டார்ச் லைட்டும் சின்ன பிரஷுமாக நிலவறைக்குள் இறங்கிவிடுவீர்கள். பெண்டாட்டி காலில் கட்டோடு கிடக்கிறாள், இவர் மெஷினுக்குச் சிங்காரம் பண்ணுகிறாரே என்று பொருமுவேன். அதிலிருந்து தூசி வடிகட்டுகிற ஒரு அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். அழுக்காயிருந்தால் புதிதாக ஒன்று வைத்து, அதன் ஓரத்தில் பேனாவால் தேதி எழுதுவீர்கள். துணி துவைக்கும் மெஷினும் அங்கேயே இருப்பதால் நான் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்.

பனி கொட்டி நின்றதும் நீங்கள் முதலில் சுரண்டுவது வாசற்படியை அல்ல. பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்களைச் சுற்றித்தான். சமையலறை ஜன்னலில் நின்று அதையும் பார்த்தேன். சறுக்கி விழுந்தவள் உள்ளே கிடக்கும்போது படியை விட்டுவிட்டுக் குழாயைச் சுரண்டுகிறாரே, இந்த மனுஷனுக்குப் புத்தி இருக்கிறதா என்று நினைத்தேன். கனியிடம் சொல்லவும் செய்தேன்.

போகியன்று மத்தியானம் குப்பை போட வெளியே வந்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். கனி மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குழாய்களில் ஒன்றிலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. இட்லிப் பானை மூடி சரியாக உட்காராவிட்டால் வருமே, அப்படி. கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. அடப்பாவமே, வீட்டுச் சூடெல்லாம் தெருவுக்குப் போகிறதே, அதனால்தான் என் பெண்ணின் பாதம் எப்போதும் ஜில்லென்று இருக்கிறது என்று எனக்குள் பெரிய கண்டுபிடிப்பு.

போகிக்குக் கழிக்க வேண்டியதாக என்னிடம் ஒரு கடுகு நிறப் பருத்திப் புடவை இருந்தது. நைந்தது. பாதியைக் கிழித்து அந்தக் குழாய் வாய்க்கு வேடு கட்டினேன். ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுகிற மாதிரி துணியை இழுத்துப் போர்த்தி, சணலைச் சுற்றி, முடிச்சுப் போட்டேன். முப்பது வருஷம் ஜாக்கெட் தைத்த கை, கட்டு அழகாகத்தான் உட்கார்ந்தது. அந்தப் பெருமையில் குளிர்கூட உறைக்கவில்லை.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாயங்காலம் வந்து சாப்பிட உட்கார்ந்தீர்கள். அந்தக் குழாய் எதற்கு என்று சுவரைப் பார்த்தாவது கேட்டிருக்கலாம். ஆனால் நம் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. "சாம்பார் இன்னும் இருக்குது" என்று நான் கரண்டியிடம் சொல்வேன். "போதும்னு சொல்லு" என்று நீங்கள் கனியிடம் சொல்வீர்கள். என் அம்மா உங்கள் மாமா எதிரில் வந்து நின்றதே இல்லை, கதவுக்குப் பின்னால் இருந்து வளையல் சத்தம்தான் வரும். இந்தக் காலத்தில் யார் அப்படி இருக்கிறார்கள்? ஷோபனா தன் மருமகனோடு உட்கார்ந்து கேரம் ஆடுகிறாள். எனக்கு மட்டும் நாக்கு பழைய இடத்திலேயே நிற்கிறது. நீங்களும் என்னைவிடக் கூச்சக்காரராக வந்து வாய்த்தீர்கள்.

விடிந்தால் பொங்கல். எழுந்தபோதே வீடு விறைத்துக் கிடந்தது. வெளியே மைனஸ் முப்பத்திரண்டு என்றாள் கனி. அவளுக்கு மூன்று கம்பளி போர்த்தினேன், அப்படியும் பல் தந்தியடித்தது. நீங்கள் கீழே போனீர்கள், வந்தீர்கள், மறுபடி போனீர்கள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். திரும்பி வரும்போது கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, வயிற்றுப் பக்கம் கையால் அணைத்துக்கொண்டு நேராக மாடிக் குளியலறைக்குப் போனீர்கள். கை விறைத்துவிட்டது, வெந்நீரில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே அடுப்பு உறுமுகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்தது.

என்ன ஆச்சு என்று கனி கேட்டாள். "அந்த அட்டைய மாத்த மறந்துட்டேன் கனி. என் தப்புதான்" என்றீர்கள்.

அவளுக்கு என் வாய், சும்மா இருப்பாளா? கால் இப்படிக் கிடக்கும்போது ஒரு மெஷினைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையா என்று ஆரம்பித்தவள் எங்கெங்கோ போனாள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நீங்கள் அட்டையை மாற்றித் தேதி எழுதியதை நான் கண்ணால் பார்த்தவள். ஏன் மறந்துவிட்டேன் என்கிறார் என்று எனக்கு அப்போதே குழப்பம். புருஷன் பெண்டாட்டி பேச்சில் மாமியார் நுழையக்கூடாது என்று பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதோடு நின்றேனா? நீங்கள் வேலைக்குப் போனதும் அவளிடம், "வூட்டப் பாத்துக்கத் தெரியாத மனுஷன்" என்று சொன்னேன். அந்தச் சொல்லைத்தான் அவள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது என்னுடையது, மாப்பிள்ளை.

மத்தியானம் ஜன்னலில் பார்த்தேன், குழாய் வாயில் துணி இல்லை. காற்று அடித்துக்கொண்டு போயிற்று என்று நினைத்தேன். நல்லவேளை, மறுபடியும் கட்டக் கையில் சணல் இல்லை.

அக்டோபர் 5.

நேற்று இந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன், அப்புறம் உட்கார முடியவில்லை. ஏரிக்குத் தண்ணீர் வருகிறதாம். மாமா காலையிலேயே குடையோடு பார்க்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஆயுத பூஜைக்கு என் தையல் மெஷினைத் துடைக்கப் பழந்துணி தேடினேன். கனடாவுக்கு எடுத்து வந்த பெட்டியின் பக்கப் பைக்குள் கையை விட்டேன். ஏப்ரலில் வந்ததிலிருந்து அந்த ஜிப்பை நான் திறக்கவே இல்லை. உள்ளே என் கடுகு நிறத் துணி. துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்திருந்தது. நடுவில் சணல். கயிற்றை ஒரு பக்கம் கத்தியால் அறுத்திருக்கிறீர்கள், முடிச்சை அப்படியே விட்டிருக்கிறீர்கள். உங்கள் சமையலறை அலமாரியில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்கு நான் போட்டிருந்த அதே முடிச்சு. யார் கட்டியது என்று பார்த்த உடனே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கனி எதையும் சுருட்டித்தான் வைப்பாள். அந்த வீட்டில் துண்டைக்கூட நாலு மூலையும் சேர்த்து மடிக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். என் பெட்டியை அடுக்கி எடை போட்டு வைத்ததும் நீங்கள்தான். என்னிடம் சொல்லவும் முடியாமல், என் புடவைத் துணியைக் குப்பையில் போடவும் மனமில்லாமல் அதற்குள் வைத்துவிட்டீர்கள். தையல் மெஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூஜைக்கு நேரமாகிறது என்று மாமா வந்து கூப்பிட்டார்.

அவரிடம் சொன்னேன். சர்க்கரை ஆலை பாய்லரில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர் அல்லவா? சிரிப்பார் என்று நினைத்தேன். கையில் இருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "புகை போற வழியவா கட்டின?" என்று கேட்டார்.

அந்த ஆவியில் ஈரம் இருக்குமாம். அது என் துணியில் பட்டுப் பட்டு, அந்தக் குளிரில் விடிவதற்குள் கல்லாக உறைந்து வாயை அடைத்திருக்குமாம். அப்புறம் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "வழியில்லன்னு தெரிஞ்சதும் தானா நின்னுகிச்சு பாரு, ஒழுங்கா பாத்துகினு வந்த மெஷின்தான் அப்படி நிக்கும். கவனிக்காம வுட்டுருந்தா எரிஞ்சிகினே இருந்திருக்கும், விஷப்புகை வூட்டுக்குள்ள திரும்பியிருக்கும். மூணு பேரும் தூங்கினபடியே போயிருப்பீங்க அன்னம். அடுப்பு நின்னுது மாப்ள பாத்துக்காததால இல்ல. பாத்துகினதாலதான்."

மாப்பிள்ளை, இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்து நான் பொருமினேனோ, அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் என் பெண்ணையும் என்னையும் காப்பாற்றியிருக்கின்றன. அதற்கு உங்களுக்கு நாங்கள் கொடுத்தது ஒன்பது மாத ஏச்சு. நீங்கள் ஒரு தடவையாவது, அது உன் அம்மா செய்த வேலை என்று சொல்லியிருந்தால் அவள் வாய் அன்றே அடங்கியிருக்கும். கால் முறிந்தவளைப் பார்க்க வந்த மாமியாருக்கு அந்த வீட்டில் ஒரு தலைகுனிவு வரக்கூடாது என்று உங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள். இதை எழுத எனக்குக் கூச்சமாக இல்லை.

நீங்கள் செப்டம்பரிலேயே ஆளை வரவழைத்ததைச் சொன்னதும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கரும்பு அரவை முடிந்து ஆலை மூடியிருக்கிற மாதங்களில் பார்க்கிற வேலைதான் பாய்லரைக் காப்பாற்றும் என்று எங்களுக்கெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னார். நீங்கள் அவருடைய ஷிஃப்டில் இருந்திருக்க வேண்டிய ஆளாம். அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. விஷப்புகை வந்தால் கத்துகிற டப்பா படுக்கையறைப் பக்கம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். நீங்கள் வைத்திருப்பீர்கள் என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கனியிடம் கொடுங்கள். கொடுக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அத்தையைப் பற்றி அவள் என்ன நினைப்பாளோ என்று இதையும் நாலாக மடித்து எங்காவது வைத்துவிடுவீர்கள். அதனால் அவளுக்கும் தனியாக, ஒன்று விடாமல் எழுதி, தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவள் டிக்கெட்டை என்ன செய்வாள் என்பது அவள் இஷ்டம். நான் செய்த தப்புக்காக உங்களை விட்டுவிட்டு வருகிறவளுக்கு என்னால் சோறு போட முடியாது என்று மட்டும் எழுதினேன். வந்தால் இரண்டு பேருமாக வாருங்கள். குளிரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் அடுப்பை யார் பார்ப்பது என்று உடனே யோசிப்பீர்கள். சரி, உங்கள் அடுப்பின் அரவை முடியட்டும். ஆடிக் கிருத்திகைக்கு வாருங்கள். காவடிக் கூட்டத்தில் மலையேறுவோம். புதுத் தலையணைக்கு ஜோடியாக இன்னொன்றும் தைத்துவிட்டேன்.

கடுகு நிறத் துணியை ஓரம் அடித்து இதோடு வைத்திருக்கிறேன். அடுப்பைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். எதன் வாயிலும் கட்டுவதற்கு அல்ல.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது உங்கள் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் போன் போடும்போது நீங்கள்தான் எடுப்பீர்கள். "இதோ கனி" என்று கொடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உங்கள் கையிலேயே வைத்திருங்கள். எனக்கு உடனே பேச்சு வராது. நீங்களும் பேச வேண்டியதில்லை, கீழே அடுப்பு ஓடுகிற சத்தம் கேட்டால்கூடப் போதும். அப்புறம் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அதற்கு இப்போதே எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

தணிகைவேல், நீங்க நல்லா இருக்கணும்ப்பா.

இப்படிக்கு,
உங்கள் அத்தை
அன்னம்மாள்